பன்னிரண்டு ஏக்கர் ஆற்றங்கரையில் கிரவல் எடுத்த எங்கள் அனுபவம்

மலேசியாவில் பேராக் மாநிலத்துப் பீடோர் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஈயக்குட்டை என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈயம் (வெள்ளீயம்) தோண்டி முடித்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்கள். மேலே தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடக்கும். கரையிலிருந்து இரண்டு எட்டு வைக்கலாம், மூன்றாவது எட்டுக்குத் தரை இருக்காது. எங்கள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மீன் பிடிக்கப் போன ஓர் அண்ணன் அப்படித்தான் போனார், நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. அதனால், நம் நிலத்தில் கிரவல் (கூழாங்கல்லும் மணலும் கலந்தது) எடுக்கலாமா என்று சித்தப்பா முதன்முதலில் பேச்செடுத்தபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "இன்னொரு குட்டை நம்மளால வர வேணாம்."

அந்தச் சொல்தான் எங்கள் திட்டம் முழுவதற்கும் அடிப்படை. பிறகு நடந்ததெல்லாம் அதை எப்படிக் கணக்காக, படமாக, ஒப்பந்தமாக மாற்றினோம் என்பதுதான். இதே யோசனையில் இருக்கிறவர்கள் தோட்டப்புறங்களில் நிறைய பேர் இருப்பீர்கள், உங்களுக்காகவே விவரமாக எழுதுகிறேன்.

நிலம் தாத்தா காலத்தது. அவர் ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை செய்த தோட்டத்தை முதலாளிகள் துண்டு துண்டாக விற்றபோது, மைத்துனர்களோடு சேர்ந்து ஆற்றோரமாக ஒரு துண்டை வாங்கினார். (அந்தத் துண்டாடலில் வேலையும் வீடும் இழந்த குடும்பங்கள் ஏராளம். அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கக் கிளம்பியது இதைப் பார்த்துத்தான்.) முதலில் ரப்பர், அப்புறம் செம்பனை (எண்ணெய்ப்பனை). செம்பனைக்கு 25 வயது ஆகிவிட்டால் மரம் உயர்ந்துபோய்க் குலை வெட்டுவதே பெரும்பாடு, காய்ப்பும் குறைந்துவிடும், எப்படியும் சாய்த்துவிட்டு மறுநடவு செய்ய வேண்டும். கிரவல் எடுக்க நினைத்தால் அந்த நேரம்தான் சரியான நேரம். காய்க்கிற மரத்தை அதற்காக வெட்டாதீர்கள்.

முதலில் வந்த குத்தகைக்காரர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார், ஒரே வருஷத்தில் முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றார். நல்ல தொகைதான். ஆனால் அதே மாதிரி மொத்தத் தொகைக்குக் கொடுத்த பக்கத்து நிலத்தை அப்பா எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார். நான்கு பக்கமும் சுவர் போல வெட்டு, நடுவில் தண்ணீர், வேலி கிடையாது, மேல்மண் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. மூன்று வருஷம் ஆகியும் லாலான் புல்கூட ஒழுங்காக முளைக்கவில்லை. மொத்தத் தொகை வாங்கிவிட்டால், நிலத்தைச் சரிசெய்ய வேண்டிய நேரம் வரும்போது குத்தகைக்காரருக்கு உங்களிடம் வேலையே இருக்காது. நாங்கள் அவரை அனுப்பிவிட்டோம்.

அனுமதி விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலம் நம் பெயரில் இருந்தாலும் மணலையும் கிரவலையும் வெளியே ஏற்றிக் கொண்டுபோக நில அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின்படி கொடுக்கும் 4சி பாரம்தான் அது, மாநிலத்துக்கு ராயல்டியும் (உரிமைத்தொகை) கட்ட வேண்டும். ஆற்றோரம் என்றால் வடிகால் நீர்ப்பாசனத் துறையும் வந்து பார்க்கும். எவ்வளவு பரப்பு, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்துச் சுற்றுச்சூழல் துறையும் கேள்வி கேட்கலாம், முன்கூட்டியே போய் விசாரித்துவிடுங்கள். "எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்று குத்தகைக்காரர் சொன்னாலும் ஒவ்வொரு தாளின் நகலையும் கையில் வைத்திருங்கள். நிலச் சொந்தக்காரர் நீங்கள், அவர் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் செய்தது சோதனைக் குழிகள். பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, நிலம் முழுக்க 9 குழிகள் தோண்டினோம். அப்பா 31 வருஷம் வெளிக்காட்டுக் கிராணியாக (தோட்ட வேலையை மேற்பார்க்கிறவர்) இருந்தவர், அவரிடம் ஒரு பழக்கம் உண்டு, எதைப் பார்த்தாலும் சின்னப் புத்தகத்தில் எழுதிவிடுவார். ஒவ்வொரு குழியிலும் கருமண் எத்தனை சென்டிமீட்டர், களிமண் எவ்வளவு, கிரவல் எங்கே தொடங்குகிறது, தண்ணீர் எந்த ஆழத்தில் ஊறுகிறது என்று அளந்தார். நான் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு பை மண் எடுத்து, கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் அடியில் கல், மேலே மணல், அதற்கும் மேலே சேறு என்று தனித்தனியாகப் படிந்திருக்கும். சேறு கனமாகப் படிகிற இடத்தில் கழுவும் செலவு அதிகம், விலையும் குறையும். ஆய்வகம் தேவைதான், அதற்கு முன்னால் இந்தப் போத்தலே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஏழாவது குழியில் கிரவலே இல்லை, ஐந்து மீட்டர் வரைக்கும் சாம்பல் நிறக் களிமண். ஆறு ஒரு காலத்தில் அந்த வழியாகப் போயிருக்கிறது, பழைய வாய்க்கால் சேறு நிரம்பி மூடிப்போயிருக்கிறது என்று அப்பா சொன்னார். அந்த ஒரு குழியைத் தோண்டாமல் இருந்திருந்தால் எங்கள் பகுதிப் பிரிப்பே தப்பாகியிருக்கும். குழிகளை ஒரே வரிசையில் தோண்டாமல் பரவலாகத் தோண்டியதால்தான் அது தெரிந்தது.

எங்கள் நிலத்தில் சராசரியாகக் கிடைத்தது இதுதான்: 25 சென்டிமீட்டர் மேல்மண், அதற்குக் கீழே 1.2 மீட்டர் களிமண், அதன் பின் கிரவல். தண்ணீர் வெயில் காலத்தில் 4 மீட்டர் ஆழத்தில், மழைக் காலத்தில் 3 மீட்டர் வரைக்கும் ஏறும். இந்த நீர்மட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்துவிடாதீர்கள். குழிகளில் இரண்டில் பிவிசி குழாய் இறக்கி, ஒரு வருஷம் மாதாமாதம் அளந்தோம். பேராக்கில் எங்கள் பக்கம் ஏப்ரல் வாக்கிலும், அக்டோபர் நவம்பரிலும் மழை கொட்டும். உச்சம் எவ்வளவு என்று தெரிந்தால்தான், எடுத்து முடித்தபின் தரை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

அதன் பிறகுதான் படம் போட்டோம், அதுவும் கடைசிப் படத்தை முதலில். எல்லாம் முடிந்து பத்து வருஷம் கழித்து இந்த நிலம் எப்படி இருக்க வேண்டும்? செம்பனை எங்கே, குட்டை எங்கே, பாதை எங்கே, முனீஸ்வரர் கோவிலுக்கு எந்த வழியாகப் போவது? ஆற்றோர மூலையில் பெரிய மரத்தடியில் முனீஸ்வரர் இருக்கிறார், தாத்தா வாங்குவதற்கு முன்பிருந்தே இருக்கிறார். அந்த மரத்தின் வேருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். மரத்தைச் சுற்றி 20 மீட்டர் தொடவில்லை.

படம் போட்டவுடன் கணக்கு மாறிவிட்டது. எங்கள் நிலம் ஆற்றோரமாக 180 மீட்டர் அகலம், 270 மீட்டர் நீளம். ஆற்றிலிருந்து 50 மீட்டர் விட்டோம். இதைப் பெரியப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை, நல்ல கிரவலே அங்கேதானே இருக்கிறது என்றார். ஆனால் பள்ளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் திட்டு ஒல்லியாக இருந்தால், ஒரு பெரிய வெள்ளத்தில் ஆறு அதை உடைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் பாயும். பாய்ந்த பிறகு ஆற்றின் படுகை மேல்புறமாக அரித்துக்கொண்டே போகும், மேலே உள்ள பாலத்தின் கால்கூடத் தெரிய ஆரம்பிக்கும். வடிகால் நீர்ப்பாசனத் துறை 2009இல் ஆற்று மணல் எடுப்பதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, அதைப் படித்துவிட்டுத் திட்டம் போடுங்கள். மற்ற மூன்று பக்கமும் 10 மீட்டர், அப்புறம் கோவிலுக்கும் சாமான் வைக்கவும் ஓர் ஏக்கர். எல்லாம் கழித்தால் தோண்டக்கூடியது ஏழு ஏக்கர் சொச்சம்தான், 12 இல்லை.

அதிலும் ஓரத்தைச் சுவராக வெட்டக் கூடாது. ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் சரிவு என்று வைத்தோம். தண்ணீருக்கு மேலே உள்ள கிரவலில் 2 மீட்டர் கனம் எடுக்கலாம் என்றால், செங்குத்தாக வெட்டும்போது கிட்டத்தட்ட 59,000 கனமீட்டர் வருகிறது. சரிவுக்காக ஓரத்தில் விடுவது 11,000, மிச்சம் 48,000. ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனார், எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் செங்குத்தாக வெட்டி எடுத்துவிட்டு, பிறகு மண் கொட்டிச் சரிவு செய்துகொள்ளலாமே என்று கேட்பார்கள். கொட்டிய மண் சரிவு மழைக்கு வழுக்கும், அதற்கு மண்ணும் வெளியிலிருந்து வர வேண்டும். தொடாமல் விட்ட மண் சரிவு நிற்கும்.

இன்னொரு கணக்கு, நிறைய பேர் ஏமாறுவது இதில்தான். தரையில் ஒரு கனமீட்டர் இருக்கும் கிரவல், தோண்டி லோரியில் ஏற்றினால் உப்பி 1.1, 1.15 ஆகும். எங்கள் 48,000 லோரியில் 54,000 பக்கம். பத்துச் சக்கர லோரிக்குப் பத்து கனமீட்டர் என்றால் 5,400 லோரி. ஒரு நாளைக்கு 15 லோரி ஓடினால் 360 வேலை நாள். ஒப்பந்தத்தில் எந்தக் கனமீட்டர் என்று எழுதாவிட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

நிலத்தை நான்கு பகுதியாகப் பிரித்தோம். எங்கே தொடங்குவது என்பதில் குத்தகைக்காரரோடு (இவர் இரண்டாமவர், பேசக்கூடியவர்) இரண்டு வாரம் இழுபறி. அவருக்குச் சாலையோரம் வேண்டும், லோரி ஓட்டம் குறைவு. நாங்கள் நிலத்தின் தாழ்ந்த முனையில் தொடங்கி மேலே ஏறி வர வேண்டும் என்றோம். அப்போதுதான் மழைத்தண்ணீர் வேலை நடக்கிற இடத்தில் தேங்காமல், ஏற்கெனவே தோண்டி முடித்த பள்ளத்துக்குப் போகும். அதோடு இரண்டாம் பகுதியின் மேல்மண்ணையும் களிமண்ணையும் சீவும்போது எங்கேயும் குவித்து வைக்காமல் நேரே முதல் பகுதியில் கொண்டுபோய்ப் போடலாம். ஒரே மண்ணை இரண்டு தடவை தூக்குவதற்கு இரண்டு தடவை டீசல். முதல் பகுதியின் மண்ணை மட்டும்தான் குவித்து வைக்க வேண்டும், அதைக் கடைசிப் பகுதிக்குப் பயன்படுத்தலாம் என்பது கணக்கு.

அந்தக் குவியலில்தான் எங்களுக்கு அடி விழுந்தது. இரண்டு தவறு, ஒன்று எங்களுடையது. மேல்மண்ணை ஆறு மீட்டர் உயரத்துக்குக் குவிக்க விட்டுவிட்டோம், இடம் மிச்சம் என்று. பதினான்கு மாதம் கழித்து உள்ளே வெட்டிப் பார்த்தால் நீலம் பாரித்து, புளித்த நாற்றம், ஒரு மண்புழு இல்லை. காற்றுப் போகாமல் மண் செத்துவிட்டது. இரண்டு மீட்டருக்கு மேல் குவிக்காதீர்கள், மேலே உடனே மூடுகொடி (தரையை மூடிப் படரும் கொடி) விதையைத் தூவிவிடுங்கள். களிமண்ணோடு கலக்கவும் விடாதீர்கள், இரண்டுக்கும் தனித்தனிக் குவியல்.

இன்னொன்று லோரிக்காரர்கள் செய்தது. லோரிச் சீட்டு நான்தான் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், குவியலின் ஒரு முனை காணோம். கருமண்ணுக்குப் பூச்செடிக் கடைகளிலும் வீடமைப்புப் பகுதிகளிலும் நல்ல விலை, லோரிக்காரர்கள் ஏற்றிப் போயிருக்கிறார்கள். பழைய சீட்டுகளை எடுத்துச் சரிபார்த்தபோது முப்பதுக்கு மேற்பட்ட லோரி போயிருந்தது, முதல் பகுதியின் மேல்மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு. அன்று ராத்திரி நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கிரவலை விற்கத்தான் எடுக்கிறோம். மேல்மண் விற்கிற பொருள் இல்லை, அது தாத்தாவும் ஆயாவும் ஐம்பது வருஷம் இலையும் சருகும் போட்டு வளர்த்தது. அதன் பிறகு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்: மேல்மண் ஒரு கைப்பிடிகூட எல்லையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் லோரிக்கு இவ்வளவு என்று அபராதம். நீங்கள் அதை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

பணத்தையும் அப்போதுதான் ஒழுங்குபடுத்தினோம். ஒவ்வொரு லோரிக்கும் குத்தகைக்காரர் கட்டுகிற தொகையோடு கூடுதலாக ஒரு சிறு தொகை, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடிகிற கணக்கில் போய்ச் சேரும். ஒரு பகுதியில் சரிவு சரியாகி, மண் பரப்பி, கொடி முளைத்துத் தரை மூடினால் அந்தப் பகுதிக்கான பணம் அவருக்கு. முதல் பகுதியில் கொடி மூடும் வரைக்கும் மூன்றாம் பகுதியைத் திறக்கக் கூடாது. திட்டம் ஒழுங்காக நடந்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான் என்று நான் நினைக்கிறேன், நம்பிக்கை மட்டும் போதாது.

மண் பரப்புவதில் இன்னொரு பாடம். முதல் பகுதியில் நவம்பர் மழையில், அவசரமாக, புல்டோசரை விட்டுப் பரப்பினோம். பார்க்க மேசை மாதிரி அழகாக இருந்தது. முதல் மழையிலேயே தண்ணீர் தேங்கி நின்றது, வைத்த செம்பனைக் கன்றுகள் ஆறு மாதத்தில் மஞ்சளாகிவிட்டன. கம்பியை அழுத்தினால் ஒரு சாண்கூட இறங்கவில்லை, அவ்வளவு இறுகிப்போயிருந்தது. பிறகு வெயில் காலத்தில் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொக்கி போட்டுக் கிழித்து மறுபடி நட்டோம், செலவு இரட்டை. இரண்டாம் பகுதியில் வேறு மாதிரி செய்தோம். பெக்கோ பின்னாலேயே நகர்ந்து போகும், களிமண்ணை உதிரியாகப் போடும், அதன் மேல் மேல்மண்ணைப் போடும், போட்ட மண் மேல் எந்தச் சக்கரமும் ஏறாது. மேடும் பள்ளமுமாக அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் வேர் இறங்கியது.

மூடுகொடி தோட்டத்து ஆட்களுக்குப் புதிதில்லை. பியூரேரியா, கேலபோகோனியம், சென்ட்ரோசிமா என்று ரப்பர்க் காலத்திலிருந்தே போடுகிறோம், இப்போது முக்குனா. அவரை இனம், வேர் முடிச்சுகளில் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தரும். முக்குனா வேகம், ஆனால் இளங்கன்றின் மேலேறி அமுக்கிவிடும், மரத்தைச் சுற்றி வட்டம் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் ஆலையிலிருந்து வெறுங்குலை (பழம் உதிர்த்த செம்பனைக் குலை) வாங்கிப் போட்டோம், சாம்பல்சத்துக்கு (பொட்டாசியம்) அதைவிட மலிவு எதுவும் இல்லை. ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், அடுத்த வருஷம் கன்றின் குருத்தைத் துளைக்கும். சரிவுகளில் வெட்டிவேர் வரிசை வைத்தோம், சம உயரக் கோட்டை ஒட்டி. வேர் இரண்டு மூன்று மீட்டர் நேர் கீழே இறங்கும், பக்கத்தில் பரவித் தொல்லை கொடுக்காது.

மண் மோசமானாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். பீடோர் கொய்யா எங்கே விளைகிறது? அந்தப் பழைய ஈய மணலிலும்தான். தைப்பிங் ஏரிப் பூங்காவும் ஈயம் தோண்டிய இடம், 1880லேயே அதைப் பூங்காவாக மாற்றிவிட்டார்கள். நிலம் திரும்பி வரும், அதற்கு எரு வேண்டும், வருஷங்கள் வேண்டும்.

குட்டை? கடைசியில் ஒன்று வைத்தோம், இரண்டாம் பகுதியில், அம்மாவிடம் கேட்டுத்தான். களிமண் வாய்க்காலுக்குப் பக்கத்தில் தண்ணீர் எப்படியும் ஊறும் இடம் அது. கரையிலிருந்து ஆறு மீட்டர் தூரத்துக்கு 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத திட்டு, பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில். அதைத் தாண்டித்தான் ஆழம் தொடங்கும், அந்த இடத்தில் கோரையும் தாமரையும் வைத்து அடையாளம் காட்டியிருக்கிறோம். தோண்டி முடித்த அன்று அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கையில் கம்போடு கரை முழுக்கச் சுற்றி வந்தார். இரண்டு இடத்தில் கால் வழுக்கியது, பெக்கோவைத் திரும்பக் கூப்பிட்டு அந்த இரண்டு இடத்தையும் மறுபடி சரிசெய்ய வைத்தார். கிரவல் கழுவிய சேறு படிகிற குழி மட்டும் இன்னும் வேலிக்குள் இருக்கிறது. மேலே காய்ந்து தரை மாதிரி தெரியும், உள்ளே கஞ்சி. அது கெட்டியாக எத்தனை வருஷமானாலும் வேலியை எடுக்க மாட்டோம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். லோரி ஓடுகிற நேரத்தைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி வைத்தோம், பிள்ளைகள் வருகிற நேரமும் விடுகிற நேரமும் ஒரு லோரியும் அந்தப் பாதையில் வராது. தீமிதி வாரம் முழுக்க வேலை நிறுத்தம். தண்ணீர் லோரி காலையும் மத்தியானமும் பாதையை நனைக்கும். அக்கம்பக்கத்தில் ஒருவர்கூடப் புகார் கொடுக்காததற்கு இதுதான் காரணம்.

இப்போது முதல் பகுதியில் மறுநட்ட செம்பனைக்கு மூன்று வயது, முதல் குலைகள் வந்திருக்கின்றன, சின்னதுதான். மூன்றாம் பகுதியில் கொடி மூடியிருக்கிறது. நாலாவதைத் திறக்கச் சொல்லிக் குத்தகைக்காரர் போன வாரம் வந்தார். நவம்பர் மழை இன்னும் விடவில்லை, மண் ஈரம். ஜனவரிக் கடைசியில் வாருங்கள் என்று சித்தப்பாவே சொல்லி அனுப்பினார்.